மேற்குச் சுவருக்குக் காய்ச்சல்

இரவு வேலை முடிந்து
காலை எட்டரைக்குப் படுப்பவள் நான்.
பகல் ஒரு மணி வரை
இந்த அறை என்னுடையது,
அதற்குப் பிறகு சுவருடையது.

அறுபத்தெட்டில் கட்டிய வீடு, பாலையூற்றில்.
ஒற்றை வரிசைச் சீமெந்துக் கல்.
பக்கத்துக் காணி வேம்பு நின்றவரை
யாரும் அதைக் குறை சொன்னதில்லை.
கரண்ட் வயரில் உரசுகிறதென்று வந்தவர்கள்
அரை மணி நேரத்தில் வேம்பை முடித்தார்கள்.
அடுத்த கிழமை கச்சான் தொடங்கியது.

வார்ட்டில் சும்மா கிடந்த நெற்றிமானியைச்
சொல்லிவிட்டுக் கைப்பையில் கொண்டுவந்தேன்.
கொரோனாக் காலத்துத் துப்பாக்கி.
மூன்று மணிக்குச் சுவரின் நெற்றியில் பிடித்தேன்.
எண் வரவில்லை.
நாற்பத்திரண்டைத் தாண்டினால்
அதற்கு எண்ணத் தெரியாது;
உச்சம் என்பதன் ஆங்கிலச் சொல்லில்
முதல் இரண்டு எழுத்தை மட்டும் காட்டும்.
வாசித்தால் 'ஹாய்'.
வியர்வையில் ஒட்டிய பாயிலிருந்து
நானும் சொன்னேன், ஹாய்.

ஏ.சி. பூட்டுவமா என்றார் யோகேந்திரன்,
பில் வருகிற மாதத்தை நினையாமல்.
நினைத்த பிறகு
கிண்ணியாவிலிருந்து முனாஸ் மேசனைக் கூப்பிட்டார்.

முனாஸ் விரல்முட்டியால் சுவரைத் தட்டினார்,
நெஞ்சுச் சளி பார்க்கும் டொக்டரைப் போல.
"வெளியால ஒட்டினாத்தான் நல்லம், மிஸ்.
ஆனா மதிலுக்கும் சுவருக்கும் நடுவுல
பூனைக்கு மட்டுந்தான் வழி இரிக்கி.
உள்ளுக்குச் செய்வம்.
ரெண்டு அங்குல ரெஜிபோம், வெள்ளித் தாள்,
ஒரு அங்குலம் காத்து,
அதுக்கு மேல பலகை."
காற்றுக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
"காத்து சும்மா.
ஆனா அதுக்கும் இடம் விடணும்."

அப்படித்தான் நாலு அங்குலம் போனது.
அலுமாரிக் கதவு இப்போது
கட்டில் காலில் முட்டி முக்கால்வாசி திறக்கும்.
நல்ல சேலைகள் எல்லாம்
திறக்காத கால்வாசியில்.

ரெஜிபோம் அறுத்த மூன்று நாளும்
வெள்ளை மணிகள் எல்லாவற்றிலும் ஒட்டின,
சோற்றில், சீப்பில், என் சீருடையில்.
"நுவரெலியாவுக்குப் போய்ட்டு வாறீங்களா மிஸ்?"
சிறுநீரக வார்ட்டில் ஒருவர் கேட்டார்,
அன்றைக்கு அவர் பேசிய ஒரே பேச்சு.

கடைசி நாள், மூன்று மணி.
முப்பத்துமூன்று.
முனாஸ் இரண்டாம் முறையும் பிடிக்கச் சொன்னார்,
முப்பத்துமூன்றுதான்.
பிறகு தொப்பியைக் கழற்றித்
தன் நெற்றியையும் நீட்டினார், பகிடிக்கு.
முப்பத்தெட்டு தசம் இரண்டு.
"அது வேலைச் சூடு" என்று சிரித்தார்.
பனடோல் இரண்டை மறுக்காமல் வாங்கினார்.

போகும்போது, செருப்பைத் தேடியபடி:
"மிச்சம் ரெண்டு துண்டு கிடக்கு.
உங்களுக்கு வேணுமா?
எங்கட ஊட்டுல சுவரே தகரம்."
யோகேந்திரன் கயிறு எடுத்துக் கொடுத்தார்.
மோட்டார் சைக்கிளில் நிமிர்த்திக் கட்டிய பலகைகள்
சந்தி திரும்பும்வரை தெரிந்தன.

இரவு வார்ட்டுக்குப் போன் வந்தது.
"பாலத்தில கச்சான் ஒண்டப் பறிச்சிட்டு, மிஸ்.
மத்தது மகள்ற கட்டிலுக்குப் பக்கத்துல நிக்கிது."
காய்ச்சல் எப்படி என்று கேட்டேன்.
எந்தக் காய்ச்சல் என்றார்.

மறுநாள் ஐந்தரை வரை தூங்கினேன்.
பாண் ஓட்டோ பாட்டோடு வந்து போனதாம்,
எனக்குக் கேட்கவில்லை, வீட்டில் பாணும் இல்லை.
நெற்றிமானியைத் திருப்பிக் கொடுக்க
எடுத்து வைத்தவள், ஏதோ ஒரு யோசனையில்
பக்கவாட்டாகப் பூனையின் வழிக்குள் நுழைந்து
சுவரின் வெளிப்பக்கத்தில் பிடித்தேன்.

அதே ஹாய்.

பதில் சொல்லத் தோன்றவில்லை.
பூனை எழுந்து,
என் நிழலுக்குள் வந்து படுத்துக்கொண்டது.